உங்கள் தகவல் கிடைத்தது

நான் யாருடனும் சத்தம் போட்டுக் கதைப்பதில்லை. என்னோடு வேலை செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். போன கிழமை நீங்கள் இந்த வாசலில் நின்று என்னைக் கண்டபடி ஏசியபோதும் நான் கதிரையை இழுத்துப் போட்டேன். தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். நீங்கள் குடிக்காமலே போய்விட்டீர்கள்.

இன்றைக்கு ஏசாமல் வந்து அமர்ந்திருக்கிறீர்கள், தர்மிளா. ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். உங்கள் ஊர்ச் சுமித்திரா யானை அடித்துச் செத்த அன்று உங்கள் அம்மா யானை வந்ததை அறிவித்தாரா, இல்லையா என்று. அதற்குப் பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முதல் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு விளங்க வேண்டும். விளங்காவிட்டால் பிழையை நீங்கள் வேறு எங்காவது கொண்டுபோய்ப் போடுவீர்கள்.

நான் படித்து முடித்துக் கொழும்பில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்தேன். பிறகு கிளிநொச்சிக்குத் திரும்பி வந்து இந்தக் கடையின் மேல்மாடியை எடுத்து, இரண்டு பேரோடு இதைத் தொடங்கினேன். வன்னியில் யானை ஒரு பெரிய பிரச்சினை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காட்டோரத்து ஊர்களில் யாராவது ஒருவர் யானையைக் கண்டால், மற்ற வீடுகளுக்கு அது தெரியவருவதற்கு முன் யானை வந்துவிடும். போனை எடுத்து ஒவ்வொரு வீடாக அழைக்க நேரம் இருக்காது. ஆகவே ஒரு இலக்கத்தை அழைத்தால் எல்லா வீடுகளுக்கும் ஒரே நேரத்தில் அழைப்புப் போகிற மாதிரி ஒன்றைச் செய்தேன்.

உங்கள் முதிரையடிக்குளத்தில்தான் முதன்முதலில் கூட்டம் வைத்தோம். எங்களிடம் எந்நேரமும் ஓடுகிற சேர்வர் கணினி என்று ஒன்றும் இல்லை என்று நான் சொன்னதும், கமக்காரர் சங்கத் தலைவர் கதிர்காமநாதன் ஐயா கையை உயர்த்தினார்.

“அப்ப தம்பி, யானை வாற நேரம் ஆர் முழிச்சிருக்கிறது?”

“ஒருத்தரும் முழிச்சிருக்கத் தேவையில்லை ஐயா” என்றேன்.

அதுதான் உண்மை. நான் எழுதியது ஒரு சின்னக் கணினி நிரல். அது மும்பையில் யாரோ ஒருவருடைய கணினிகளுக்குள் எங்கோ தூங்குகிறது. அழைப்பு வந்தால் மட்டும் எழும்பும். அழைத்தது யார், எந்த வீடு என்று பார்க்கும். சுற்றியுள்ள வீடுகளுக்கெல்லாம் போன் அடிக்கும். எடுத்தவர்களுக்கு யானை வந்திருக்கிறது என்று சொல்லும். திரும்பத் தூங்கிவிடும். அழைத்தவருக்கு, “உங்கள் தகவல் கிடைத்தது, நன்றி, வீட்டுக்குள் இருங்கோ” என்று ஒரு குரல் கேட்கும். அந்தக் குரல் என்னுடையது. வேறு ஆளைப் பிடித்துப் பதிவுசெய்ய நேரம் இருக்கவில்லை. என் குரல் ஆறுதலாக இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள்.

அன்றைக்கு வந்தவர்களில் அதை முதலில் பழகியவர் உங்கள் அம்மா. பட்டன் போனில் ஒன்றாம் இலக்கத்தை அமத்திப் பிடித்தால் அழைப்புப் போகும்படி நான் எல்லாருக்கும் வைத்துக் கொடுத்தேன். மற்றவர்கள் இரண்டு மூன்று தரம் கேட்டார்கள். சிவலட்சுமி அக்கா ஒரு தரம் பார்த்தார், அமத்தினார், சரியாக வந்தது. சிரித்தார். கைக்குழந்தையாக மலையகத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து தூக்கிவரப்பட்டவர் என்று அன்றுதான் அறிந்தேன். இனக் கலவரத்துக்குப் பிறகு வந்து காட்டை வெட்டிக் குடியேறிய குடும்பம். இவ்வளவு காலம் வன்னியில் இருந்தும் பேச்சில் அந்த ‘ங்க’ போகவில்லை. அதை ஊரில் சிலர் பகிடி பண்ணுவார்கள். நான் ஒருநாளும் பண்ணவில்லை.

உங்கள் வீடு ஊரின் கடைசி வீடு. அதற்கு அப்பால் மின்வேலி, வேலி அறுந்த இடம், காடு. யானை எந்தப் பக்கத்தால் வந்தாலும் முதலில் உங்கள் அம்மாவைத் தாண்டித்தான் வரவேண்டும். நல்ல இடம். ஒரு எச்சரிக்கை தொடங்குவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

பிரச்சினை என்னவென்றால், அவர் எல்லாவற்றுக்கும் அமத்தினார். எருமை வந்தாலும் அமத்தினார். காற்றுக்குப் பனையோலை அடித்தாலும் அமத்தினார். வன இலாகாவின் வாகனம் வந்து திரும்பியதற்கும் அமத்தினார். ஒவ்வொரு தரமும் ஊர் முழுக்கப் போன் அடித்தது. ஆட்கள் டோர்ச்சோடும் வெடியோடும் எழும்பி வந்து, ஒன்றும் இல்லாமல் திரும்பிப் போனார்கள். பிறகு எழும்பாமல் விட்டார்கள். பிறகு போனை அணைத்துவைக்கத் தொடங்கினார்கள். ரூபன், சுமித்திராவின் புருசன், ஓமந்தையில் மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடையில் வேலை செய்பவர், என்னை வழியில் கண்டு சொன்னார்:

“அண்ணை, அந்த மனிசி அமத்தினது எண்டால் நாங்கள் எடுக்கிறேல்லை. வேற ஆர் அமத்தினாலும் இப்ப அவாதான் எண்டு நினைக்கிறம்.”

அவர் சொன்னதில் பிழை இல்லை. பொய் எச்சரிக்கை மெய்யான எச்சரிக்கையைக் கொன்றுவிடும். இது என்னுடைய கண்டுபிடிப்பு இல்லை, இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விசயம்.

நான் உங்கள் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். முற்றத்தில் முருங்கைக்கு மண் அணைத்துக்கொண்டு நின்றவர் கை கழுவிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நான் மெதுவாகத்தான் சொன்னேன். யானை என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் அமத்துங்கோ அக்கா என்றேன்.

“எனக்குக் கண்ணு பகல்லயே மங்கல் தம்பி. காதுதான். கெளை முறியிற சத்தம் கேட்டா நான் என்ன செய்யிறதுங்க? கிட்டப் போய்ப் பாத்துட்டு வந்தா அமத்துறது?”

அவர் கேட்டது நியாயம். ஆனால் ஒரு கருவி எதற்கெடுத்தாலும் ஓம் ஓம் என்று சொன்னால், அது பழுதான கருவிக்குச் சமம். உங்கள் அம்மாவைக் கருவி என்று சொல்வது உங்களுக்குக் கோபத்தைத் தரலாம். தொழில் அப்படிப் பார்க்கப் பழக்கிவிட்டது.

அந்த நேரத்தில்தான் வெளியில் இருந்து பண உதவி செய்கிற ஒரு குழு வரப்போவதாகச் செய்தி வந்தது. முதிரையடிக்குளத்தைப் பார்த்துவிட்டு, பிடித்துக்கொண்டால் முல்லைத்தீவுப் பக்கத்து ஊர்களுக்கும் இதைக் கொண்டுபோக உதவுவார்கள். அவர்கள் நிற்கும்போது ஊர் முழுக்கப் போன் அடித்து, ஒருவரும் எடுக்காமல் விட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எத்தனையோ ஊர்களுக்குக் கிடைக்க வேண்டியது ஒரு எருமையால் இல்லாமல் போகும்.

வேறு வழிகள் இருந்தன, மறைக்கவில்லை. உங்கள் அம்மா அழைத்தால் முதலில் பக்கத்து வீட்டை மட்டும் அடித்துக் கேட்கும்படி செய்திருக்கலாம். இரண்டு பேர் சொன்னால்தான் ஊருக்கு அடிக்கும்படி செய்திருக்கலாம். அதற்குச் சில நாள் வேலை இருந்தது, சோதித்துப் பார்க்கவும் வேண்டும். எனக்கு அந்த நாட்கள் இருக்கவில்லை. ஆகவே ஒரு வரி எழுதினேன். இந்த இலக்கத்தில் இருந்து அழைப்பு வந்தால் நன்றி சொல், வேறு ஒன்றும் செய்யாதே. அவ்வளவுதான்.

அதை நான் யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் இருந்து எழுதினேன். மடியில் மடிக்கணினி. ஆனையிறவில் சிக்னல் நன்றாக இருக்கும். உப்பளத்தில் ஆட்கள் உப்பை வாரிக் குவித்துக்கொண்டு நின்றார்கள். நிரலை மேலே ஏற்றினேன், ஏறிவிட்டது என்று வந்தது, கணினியை மூடிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு போனேன். ஒரு மனிதரின் வாயை மூடுவதற்கு அவ்வளவு நேரம்தான் தேவைப்பட்டது. அன்று நான் அதை அப்படி நினைக்கவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். நான் அவருடைய இலக்கத்தை வெட்டிவிடவில்லை. வெட்டியிருந்தால் அவருக்கு வேலை செய்யவில்லை என்று விளங்கியிருக்கும், மனம் நொந்திருப்பார். ஆகவே அந்த நன்றி அப்படியே போகட்டும் என்று விட்டேன். அமத்துவார், என் குரல் வரும், தகவல் கிடைத்தது என்று சொல்லும், ஆறுதலாகப் படுப்பார். அந்த அழைப்புகள் பதிவில் விழாதபடியும் செய்தேன், வருகிறவர்களுக்குக் காட்டுகிற வரைபடத்தில் அவை அசிங்கமாக நீட்டிக்கொண்டு நின்றன.

குழு வந்தது. கதிர்காமநாதன் ஐயா அவர்கள் முன்னால் அமத்தினார். எல்லா வீட்டிலும் போன் அடித்தது, எல்லாரும் எடுத்தார்கள், அவர்கள் படம் பிடித்தார்கள். உங்கள் அம்மா எல்லாருக்கும் இளநீர் வெட்டிக் கொடுத்தார். என்னைக் காட்டி அவர்களிடம் சொன்னார், “இந்தத் தம்பி வந்த பெறகுதாங்க நான் நிம்மதியாத் தூங்குறேன்.”

நான் அதைத் தமிழ் தெரியாதவர்களுக்கு மொழிபெயர்த்தும் சொன்னேன்.

குழு போன பிறகு அந்த வரியை எடுத்திருக்கலாம். எடுக்கத்தான் இருந்தேன். ஆனால் ஊர் மாறிப்போயிருந்தது. போன் எப்போதாவது ஒரு தரம்தான் அடித்தது, அடித்தால் மெய்யாகவே யானை நின்றது. ஆட்கள் திரும்ப நம்பத் தொடங்கினார்கள். வெளியில் போகும்போது போனைக் கையில் கொண்டுபோங்கோ, அடிக்காவிட்டால் பாதையில் பயமில்லை என்று நானே கூட்டத்தில் சொன்னேன். உங்கள் அம்மாவும் சந்தோசமாக இருந்தார். இதில் யாருக்கு நட்டம் என்று எனக்குத் தெரியவில்லை. விட்டுவிட்டேன். அடுத்த மழை வந்தது, வயல் விதைத்தார்கள், கதிர் முற்றியது. யானை வருகிற காலம்.

சுமித்திரா பின்னேரம் மாட்டை அவிழ்த்துக் கொண்டுவரக் குளக்கட்டுக்குப் போனார். பிள்ளையை மாமியிடம் விட்டுவிட்டுப் போனார். கையில் போன் இருந்தது. நான் சொன்னபடி.

தனியன் யானை ஒன்று வேலி அறுந்த இடத்தால் வந்திருக்கிறது. உங்கள் அம்மா கேட்டிருக்கிறார். இந்த முறை கண்டும் இருக்கிறார், உங்கள் வீட்டு மாமரத்தோடு உரசிக்கொண்டுதான் அது போயிருக்கிறது. அமத்தினார். தகவல் கிடைத்தது, நன்றி, வீட்டுக்குள் இருங்கோ. திரும்பவும் அமத்தினார். அதே பதில். அதற்குப் பிறகு அவர் உங்களை அழைத்திருக்கிறார் என்று போன கிழமை நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கட்டுநாயக்காவில் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றதாகச் சொன்னீர்கள். “ஆனை வந்துருச்சு, நான் சொல்லிட்டேன், தம்பி உள்ள இருக்கச் சொல்லிட்டாரு” என்று சொன்னாராம். ஆகவே அவர் உள்ளே இருந்தார். முன்பெல்லாம் யானை வந்தால் அவர் தகரத்தைத் தட்டிக் கத்துவார் என்று ஊரில் சொல்வார்கள். அன்று தட்டவில்லை. தகவல் கிடைத்துவிட்டதே.

சுமித்திராவின் போன் அடிக்கவில்லை.

கதிர்காமநாதன் ஐயா எனக்கு அழைத்துச் சொன்னபோது நான் இந்தக் கதிரையில்தான் இருந்தேன். முதலில் அந்த வரியை எடுத்தேன். புதிய நிரலை ஏற்றினேன். பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு உங்கள் ஊருக்கு வந்தேன். வழியெல்லாம் அழுதேன். அதை நீங்கள் நம்பவேண்டும். சுமித்திராவுக்கு என் தங்கச்சியின் வயது.

செத்த வீடு முடிந்து, வாசிகசாலையில் ஊர் கூடியது. ரூபன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ஏன் அடிக்கவில்லை என்று மட்டும் கேட்டார். எல்லாரும் உங்கள் அம்மாவைப் பார்த்தார்கள்.

“நான் அமத்தினேங்க. ரெண்டு வாட்டி அமத்தினேன். தம்பியோட குரல்தான் சொல்லிச்சு, உள்ள இருக்கச் சொல்லி.”

“தாங்கோ அக்கா, பாப்பம்” என்று கையை நீட்டினேன். அவர் உடனே போனைத் தந்தார். அந்தப் போனில் அன்று அழைத்த இலக்கங்கள் வரிசையாக இருந்தன. எங்கள் எச்சரிக்கை இலக்கம் இருந்தது, உங்களுடையதும் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். முழுவதையும் அழித்தேன். அழிக்கவா என்று கேட்டது, ஓம் என்று அமத்தினேன். பிறகு கதிர்காமநாதன் ஐயாவிடம் நீட்டி, “இதில ஒண்டும் இல்லை ஐயா” என்றேன். மடிக்கணினியைத் திறந்து பதிவையும் காட்டினேன். அந்த இலக்கத்தில் இருந்து அன்றைக்கு ஒரு அழைப்பும் இல்லை. அது பொய் இல்லை, தர்மிளா. பதிவில் இல்லாததை இல்லை என்றுதான் சொன்னேன்.

ஒருவரும் உங்கள் அம்மாவை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. யாரோ ஒரு பெண், “காத்துக்கெல்லாம் அமத்துவா, வரவேண்டிய நேரத்தில அமத்தேல்லை” என்று சொல்லிக்கொண்டு எழும்பிப் போனார். ரூபன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார். உங்கள் அம்மா தன் வலது கைப் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

நான் அதைத் திருத்த நினைக்கவில்லை என்று எண்ணாதீர்கள். அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் இந்த ஏற்பாட்டையே ஒருவரும் நம்பியிருக்கமாட்டார்கள். மற்ற ஊர்களுக்கு அது போயிருக்காது. இப்போது அங்கே எத்தனையோ சுமித்திராக்கள் மாட்டை அவிழ்க்கப் போய்த் திரும்பி வருகிறார்கள். அவர்களின் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் இருக்கிறார்கள்.

உங்கள் அம்மா இந்த அலுவலகத்துக்கு ஒரு தரம் வந்தார். அதை உங்களுக்குச் சொன்னாரோ தெரியாது. பஸ் மாறி மாறி வந்து, படியேறி, மூச்சு வாங்கிக்கொண்டு, நீங்கள் இருக்கிற இந்தக் கதிரையில் இருந்தார். மற்ற இரண்டு பேரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

“தம்பி, நீங்க படிச்சவரு. உண்மையச் சொல்லுங்க. நான் அமத்தலையா?”

சொல்லக்கூடிய நேரம் அதுதான். வேறு ஒருவரும் இல்லை. அவர் என்னை ஏசியிருக்கமாட்டார் என்றுகூட நினைக்கிறேன்.

“பயத்தில மனம் அப்பிடி நினைக்கும் அக்கா” என்றேன். “செய்யாததையும் செய்த மாதிரித் தோன்றும். ஒருத்தரும் உங்களில பிழை சொல்லேல்லை.”

அவர் எழும்பி, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து, “நீங்களாவது கோபப்படாமச் சொன்னீங்களே” என்றார். நான் கீழே வந்து பஸ் ஏற்றிவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நான் கேள்விப்பட்டதுதான். உங்கள் அம்மா ரூபன் வீட்டுக்குத் தினமும் போவாராம். முற்றம் கூட்டுவாராம், பிள்ளையின் உடுப்புத் தோய்த்துப் போடுவாராம். ரூபன் அவரோடு கதைக்கவில்லை, போகச் சொல்லவும் இல்லை. அம்மா போனைக் கையில் எடுப்பதையே விட்டுவிட்டார். கதிர்காமநாதன் ஐயா ஏன் என்று கேட்டதற்கு, “இந்த வெரலை நம்பி இன்னொரு உசிரு போகக்கூடாதுங்க” என்று சொன்னாராம். பின்னேரமானால் ஒரு தகரத்தையும் தடியையும் எடுத்துக்கொண்டு குளக்கட்டில் போய் நின்று தட்டத் தொடங்கினார். பெண்கள் மாடு கொண்டுபோய் முடியுமட்டும் தட்டுவாராம். ஊரில் சிலருக்கு அது கரைச்சலாக இருந்தது. சிலர் பைத்தியம் என்றார்கள். நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் பக்கத்து வீட்டுப் போனுக்கு அழைத்துக் கதைத்தீர்கள் என்று அறிந்தேன். உங்களிடம் நல்லாயிருக்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பார்.

அவருக்கு நடந்ததை நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை. நீங்கள் உடலைப் பார்த்தீர்கள். குளக்கட்டில் நின்ற பெண்கள் எல்லாரும் ஓடித் தப்பிவிட்டார்கள், தகரச் சத்தம் கேட்டுத்தான் ஓடினோம் என்று சொன்னார்கள். யானை அந்தச் சத்தத்தை நோக்கி வந்தது.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில் ஓம். அம்மா அறிவித்தார். இரண்டு முறை அறிவித்தார். அதை ஊருக்குப் போகாமல் நிறுத்தியது நான். போனில் இருந்ததை அழித்ததும் நான். அமத்தவில்லை என்று அவரையே நம்பவைத்ததும் நான். நீங்கள் இதை எழுதிக் கேட்டாலும் எழுதித் தருவேன், யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். நான் ஓடிப்போகிற ஆள் இல்லை.

ஒன்றை மட்டும் நீங்கள் நியாயமாக யோசிக்க வேண்டும். சுமித்திராவின் சாவை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் உங்கள் அம்மாவின் சாவு வேறு. அந்த வரியை நான் எப்போதோ எடுத்துவிட்டேன். அவருடைய இலக்கத்தைத் திரும்பத் திரும்பச் சோதித்தும் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. அன்று அவர் குளக்கட்டில் தகரத்தைத் தட்டிக்கொண்டு நிற்காமல், வீட்டுக்குள் இருந்துகொண்டு ஒன்றை அமத்திப் பிடித்திருந்தால், ஊர் முழுக்க அடித்திருக்கும். எல்லாரும் எடுத்திருப்பார்கள். அவரும் இன்றைக்கு இருந்திருப்பார்.

போன் அலுமாரிக்குள், சேலைகளுக்கு அடியில் இருந்ததாம். அதை அங்கே வைத்தது நான் இல்லை, தர்மிளா.